கதவுக் கட்டில்

ராசாங்கம் மாமா அரியலூர்ப் பக்கத்துக் குவாரியில் லாரிக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற ஆள். என் அக்கா பூமாலையின் கணவர். மாலையில் வீடு திரும்பும்போது அவருடைய தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் மாவு அப்பியதுபோல் வெளுத்திருக்கும். அக்கா வாசலில் நின்றுகொண்டு, "எங்க வூட்டு ஆளு காலையில போனாரு, இப்ப அவரு தாத்தா வந்து நிக்கிறாரே" என்பாள். கல்யாணமான புதிதில் தினமும் அதே கேலி. தினமும் அவர் சிரிப்பார்.

கல் ஏற்றுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. இடுப்பை வளைக்க மாட்டார். முட்டியை மடக்கிக் குந்தி, கல்லை நெஞ்சோடு அணைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். அவரோடு வேலைக்குச் சேர்ந்த பலர் முதுகு பிடித்து வீட்டோடு இருந்துவிட்டார்கள். மாமாவின் முதுகு நிமிர்ந்தே இருந்தது. அந்த முதுகுதான் பிற்பாடு அக்காவுக்கு உதவியது.

வீடு கீழப்பழுவூருக்குப் பக்கத்தில், பஸ் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி. ஒரே அறை, மண் சுவர், கூரை. கதவு மட்டும் அந்த வீட்டுக்குப் பொருந்தாத கதவு. கனமான ஒற்றைப் பலகைக் கதவு. மாமாவின் அப்பா பண்ணையாளாக இருந்த வீட்டுக்காரர்கள் பழைய கட்டடத்தை இடித்தபோது, பல நாள் கூலிக்குப் பதிலாக அதைக் கொடுத்தார்களாம். "கதவைச் சாத்துனா செவுரு வுழுந்துடும்" என்று தெருவில் சிரிப்பார்கள். அடுத்த வீட்டில் மாமாவின் அக்கா ரத்தினம்மாள் இருந்தார். கணவர் இல்லாதவர். ஒரே மகள் வேம்பு. அக்காவைப் போலவே நானும் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

அக்காவுக்கு நோய் முதலில் வந்தது விரல் கணுக்களில். எழுபத்தொன்றாம் வருஷம், காலையில் எழுந்தால் கோலப்பொடியைக் கிள்ள முடியவில்லை என்றாள். வெயில் ஏறினால் விரல் விட்டுக்கொடுக்கும். பிறகு வெயில் ஏறியும் விட்டுக்கொடுக்கவில்லை. மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் என்று ஒவ்வொரு மூட்டாக வீங்கியது. அரியலூர் ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்றார்கள். கொடுத்த மாத்திரை வலியைக் கொஞ்சம் தணித்தது, வயிற்றைப் புண்ணாக்கியது. அண்ணி பாவம், தன் இலவம்பஞ்சுத் தலையணையைக் கொண்டுவந்து அக்காவின் முழங்காலுக்கு அடியில் வைத்தார். கால் மடங்கியிருந்தால் வலி குறைந்தது. அக்கா அதை எடுக்கவே விடவில்லை. மாதக்கணக்கில் அப்படியே படுத்தாள். ஒருநாள் தலையணையை எடுத்தார்கள். கால் நீளவில்லை.

மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அங்கே கமலவேணி என்று ஒரு நர்ஸ் இருந்தார். கண்டிப்பானவர். மாமா அக்காவைக் குழந்தையைப்போல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வார்டுக்குள் நுழைந்ததைப் பார்த்து, "ஏன், பொம்பளை ஆளு யாரும் வரலையா?" என்று கேட்டார்.

"இருக்காங்க சிஸ்டர். தூக்க முடியாது அவங்களுக்கு. நான் லோடு தூக்குறவன்."

"இது லோடு இல்ல."

"தெரியுதுங்க. கல்லு கத்தாது."

சிஸ்டர் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கே அவரைக் கட்டிலுக்கு இந்தப்புறம் நிறுத்திச் செய்துகாட்டிக் கற்றுக்கொடுத்தார். மூட்டைப் பிடிக்காமல் மூட்டுக்கு மேலும் கீழும் கை கொடுப்பது. அடியில் துப்பட்டியை விரித்து, அதோடு சேர்த்து உடம்பைப் புரட்டுவது. ஒரே பக்கம் வெகுநேரம் படுக்க விடாமல் இருப்பது. குதிகால், இடுப்பு எலும்பு, வால் எலும்பு மூன்றையும் தினமும் பார்த்து, சிவந்திருந்தால் அந்தப் பக்கம் பாரம் படாமல் வைப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னார். "சொல்லிட்டுத் தொடுங்க. திடீர்னு கை பட்டா உடம்பு பயந்து இறுகிக்கும். இறுகினா வலி ரெண்டு மடங்கு."

அந்தக் கடைசிப் பாடத்தை மாமா உயிராகப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அக்காவைச் சொல்லாமல் தொட்டு நான் பார்த்ததில்லை. "பூமால, இப்ப தோளு. இப்ப இடுப்பு. மூச்சு இழுத்துக்க. தூக்குறேன்." அக்கா தலையசைத்த பிறகுதான் கை நகரும். அவள் "இரு" என்றால் இருப்பார். கை மரத்துப்போனாலும் அப்படியே குந்தியிருப்பார்.

வீட்டில் கயிற்றுக் கட்டில் ஒன்றை வாங்கிப் போட்டு, நடுவில் கயிற்றை விலக்கி ஒரு வாய் வைத்தார். அடியில் சட்டி. கட்டில் உயரமாக இருந்ததால் அவருக்கு முட்டியை மடக்கிக் கை கொடுக்க வாகாக இருந்தது. போர்வை கால் விரலில் பட்டால்கூட அக்கா துடிப்பாள் என்று மூங்கில் பிளாச்சை வளைத்துக் கால்மாட்டில் கட்டி, அதன்மேல் போர்வையைப் போட்டார். கூண்டு வண்டி மாதிரி இருக்கும். "எந்த ஊருக்குப் பொறப்பட்டீங்க?" என்று வேம்பு கேட்பாள். "திருமழபாடிக்கு. கொள்ளிடத்துல முங்கிட்டு வரலாம்னு" என்பாள் அக்கா.

விடிவதற்கு முன் எழுந்து வெந்நீர் வைப்பார். அக்காவின் கைகளை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால்தான் விரல் அசையும். துடைத்து, புடவை மாற்றி, கஞ்சி ஊட்டி, பக்கம் மாற்றிப் படுக்கவைத்துவிட்டுக் குவாரிக்குப் போவார். பகலில் அண்ணி வந்து பார்ப்பார். சோறு அவர் வீட்டிலிருந்துதான் வரும். அதை அண்ணி ஒருநாளும் நிறுத்தியதில்லை. இதை நான் சொல்லியாக வேண்டும்.

அழுக்குத் துணியை மாமா ஏரியில் துவைப்பார். ஆண்பிள்ளை புடவை துவைப்பது அந்தப் பக்கம் நடக்காத காரியம். ஒருத்தி கரையிலிருந்து, "ராசாங்கம், எம் பொடவையும் ரெண்டு கெடக்கு, அப்படியே அலசிக் குடேன்" என்றாள்.

"குடு, அலசித் தாரேன். ஆனா ஒம் புருசன் வந்து கேக்கணும். அந்தாளு வெக்கப்படறதைப் பாக்கணும் எனக்கு."

அப்போது நான் பெரம்பலூரில் ஆசிரியையாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அரியலூர் வந்து பஸ் மாறிப் போவேன். முடங்கிக் கிடக்கிறவளின் தங்கச்சி, படித்தவள், கையில் வேலை வேறு. ஊரில் பேச்சு எழும்பாமல் இருக்குமா? என்னையே அவருக்குக் கட்டி வைத்துவிட்டால் அக்காவையும் பார்த்துக்கொள்வாள் என்று என் அப்பாவிடமே ஒருவர் சொன்னார். அது மாமா காதுக்கும் போனது. "அது வாத்தியாரம்மா. நான் போடுற கையெழுத்தையே செவப்பு மையில திருத்தும். எனக்கு எதுக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு நின்றது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

எழுபத்தேழாம் வருஷம் மார்கழிப் பனியில் அவளுக்குச் சளிக்காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் நினைவு தப்பியது. மாமா அன்று குவாரியில் இருந்தார். அண்ணி பயந்துபோய், நாடி பார்க்கிற சாமிதுரையைக் கூட்டிவந்தார். அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பொழுது சாயும்வரை தாங்காது என்றார். கட்டிலில் உயிர் போகக் கூடாது என்று தெருவே கூடி அக்காவை இறக்கித் தரையில் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றினார்கள். நடந்ததையெல்லாம் அக்காவே பிறகு என்னிடம் சொன்னாள்.

"எல்லாம் கேட்டுச்சு மலரு. கண்ணைத் தொறக்கத்தான் முடியல. ஒருத்தி கக்கத்துல கையைக் குடுத்தா. ஒருத்தன் கணுக்காலைப் புடிச்சான். தோள்ல என்னமோ பிஞ்சிச்சு. கத்துறேன், சத்தம் வெளிய வரல. எறக்கிப் போட்டுட்டுச் சுத்தி ஒக்காந்துக்கிட்டாங்க. பச்சைச் சீலை ஒண்ணு வெச்சிருக்கேனே, அதையே போத்தலாமா, புதுசு வாங்கணுமான்னு ரெண்டு பொம்பளைங்க சண்டை. புதுசுதான் வாங்கணும்னு சொல்ல நெனச்சேன். நாக்கு பொரளல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பில் தோள் அசைந்து, அந்த வலியில் முகம் கோணியது.

மாமா வந்து பார்த்தபோது அவள் தொண்டையில் பால் கடகடவென்று இரைந்துகொண்டிருந்ததாம். எல்லோரையும் விலக்கிவிட்டு, "பூமால, இப்ப தோளு, இப்ப இடுப்பு" என்று சொல்லி ஒருக்களித்து வைத்து, வாயில் விரலை விட்டுத் துடைத்திருக்கிறார். "செத்தவகிட்ட பேசுறான் பாரு" என்று யாரோ சொன்னார்கள். கல் லாரியை வழியில் நிறுத்தி ஏறி அரியலூருக்குப் போய், தெரிந்த டாக்டர் ஒருவரைக் கையோடு கூட்டிவந்தார். ஊசி போட்டார்கள். மறுநாள் சாயங்காலம் அக்கா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

அதன்பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. கட்டில் இல்லை. இறக்கிய கையோடு அண்ணி அதை வெளியே எடுத்துப் போட்டு, கயிற்றை அறுத்து அடுப்பில் வைத்திருந்தார்.

"வேற கயிறு கட்டிக்கிறேன்" என்றார் மாமா.

"ஏத்தக் கூடாதுடா தம்பி. எமனுக்குக் காட்டியாச்சு. காட்டுனதைத் திருப்பி எடுத்துக்கிட்டா அவன் வேற ஒண்ணைக் கேப்பான்."

"அவதான் பொழைச்சுட்டாளேக்கா."

"பொழைக்கட்டும். நானா வேணாங்குறேன்? கீழயே கெடந்து பொழைக்கட்டும்."

அண்ணி கல்நெஞ்சுக்காரி இல்லை. அவர்களுடைய அப்பா ஆள் இல்லாத நேரத்தில் கட்டிலிலேயே இறந்தவர். அதே ஆடி மாதம் அவர்களுடைய தம்பி கிணற்றில் விழுந்து போனான். பதினெட்டு வயசுப் பையன். கிணற்றிலிருந்து தூக்கிப் போட்ட உடம்பை அண்ணிதான் முதலில் பார்த்தார். கூட நின்று பார்த்தவர் மாமாவும்தான். அந்தப் பயம் மாமாவுக்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கட்டிலுக்குக் கயிறு வாங்காமல் அவர் நின்றுவிட்டதற்கு அந்தக் கிணறுதான் காரணம்.

சாணி மெழுகிய தரை மார்கழியில் ஈரம் கக்கும். பாயும் கோணியும் போட்டும் குளிர் ஏறியது. உயரம் இல்லாததால் மாமாவால் முட்டியை மடக்கிக் கை கொடுக்க முடியவில்லை. மண்டியிட்டு, குனிந்து, முதுகை வளைத்துத்தான் தூக்க வேண்டும். சட்டியை அடியில் செருகும் ஒவ்வொரு முறையும் அக்கா அலறுவாள். அலறலைத் தவிர்ப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். நான் பொங்கல் லீவில் போனபோது வால் எலும்பின்மேல் தோல் கறுத்து, நடுவில் பிளந்திருந்தது. மாமா வேட்டியைக் கிழித்து வெந்நீரில் கொதிக்கவைத்து, உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, ஊதா மருந்து தடவினார். சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொன்றும். "இப்ப தண்ணி. சூடு இல்ல. இப்ப துணி. எரியும், பூமால, கொஞ்சம் எரியும்."

அன்றைக்கு அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் அக்கா என் எதிரிலேயே கேட்டாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நான் சாவறப்ப என்னை எறக்க வுடாதீங்க."

மாமா ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாவுக்குப் பயமில்ல. எறக்கிப் போட்டுட்டு, எப்ப போவான்னு மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காங்க பாருங்க, அது வேணாம். இன்னொரு தடவை அந்தக் கையி எம்மேல படக் கூடாது. நீங்க இருக்கணும். எறக்க வுடக் கூடாது. சரின்னு சொல்லுங்க."

"சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "சரி பூமால" என்றார்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது வீட்டுக்குக் கதவு இல்லை. வாசலில் சாக்குப் படுதா தொங்கியது. உள்ளே, சுவரோரமாகக் கதவு தரையில் கிடந்தது. அதன்மேல் வைக்கோல், அதன்மேல் பழம்புடவைகள், நடுவில் புண்ணுக்குப் பாரம் படாமல் இருக்க அரைக் காற்று அடித்த ஒரு லாரி ட்யூப். அதன்மேல் என் அக்கா. கீல் இல்லாமல் மேலும் கீழும் மரக் குடுமியில் நின்று சுழல்கிற கதவை மாமா ஒருவராகவே தூக்கிக் கழற்றியிருந்தார். ட்யூப் குவாரி லாரியில் ஒட்டுப் போட்டுப் போட்டு வீணானது.

"கட்டில்தான் ஆகாது. கதவு கட்டில் இல்லியே" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி.

இரண்டு வாரம் கழித்துக் கதவின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு செங்கல் இருந்தது. பிறகு இரண்டிரண்டு. அண்ணி சோற்றுப்பானையோடு வந்து குனிந்து பார்த்தார்.

"என்னடா, கதவுக்குக் காலு மொளைக்குது?"

"தரை ஈரம்க்கா. கதவு உளுத்துடும்."

"உளுத்துப் போனது கதவு இல்லடா. ஒம் புத்தி."

ஆனால் பானையை வைத்துவிட்டுத்தான் போனார். அடுத்த நாளும் வந்தார். கற்கள் ஏறிக்கொண்டே போய், மாமாவின் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றன. அண்ணி பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. சாமி கும்பிடும்போது மட்டும் வேம்புவின் பெயரைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

புண் ஆறவில்லை. ஓரம் கூடும், நடு குழியும். எழுபத்தெட்டாம் வருஷம் ஆடியில் அக்காவுக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வேம்புவுக்குக் கல்யாணம் ஆவணியில் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வாலிகண்டபுரம் பக்கம், கடலைக் கொல்லை உள்ள குடும்பம்.

நான் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவின் மூச்சு மாறியது. விட்டு விட்டு வந்தது. தெருவில் எப்படித்தான் தெரிந்ததோ, படுதாவை விலக்கிக்கொண்டு ஆட்கள் வந்து நிறைந்தார்கள். சாமிதுரை கையைப் பிடிக்க வந்தபோது மாமா, "வேணாம்ணே, அவளுக்கு மணிக்கட்டு வலிக்கும்" என்று தடுத்தார்.

"எறக்குங்கப்பா" என்றது ஒரு குரல்.

"யாரும் தொடாதீங்க."

அண்ணி முன்னால் வந்தார். அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமாவின் காலைத் தொட்டார். மூத்தவள் தம்பியின் காலைத் தொடுவது!

"தம்பி, எம் பொண்ணுக்குக் கல்யாணம்டா. இன்னும் மாசங்கூட இல்ல. எனக்கு அவ ஒருத்திதான். அப்பாவைக் கட்டில்ல வுட்டோம், சின்னவனைக் குடுத்தோம். திரும்பவும் குடுக்கச் சொல்றியா? நீ எறக்க வேணாம். நாங்க பூப்போல எறக்குறோம்."

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேம்பு வாசலில் படுதாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளைப் பிறந்ததிலிருந்து தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, முட்டியை மடக்கிக் கதவின் பக்கத்தில் குந்தினார்.

"ஒடம்பைத் தூக்க வேணாம்" என்றார் யாருக்கோ. "கல்லு ஒவ்வொண்ணா எடுத்தா கதவே தரைக்கு வந்துடும்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். மாமா ஒரு தோளைக் கதவுக்கு அடியில் கொடுத்து, ஒரு கையைக் கல்லின்மேல் வைத்தார். வழக்கம்போலச் சொன்னார்.

"பூமால, கல்லு ஒண்ணு எடுக்கப் போறேன். ஆடாது."

பிறகு காத்திருந்தார். தலையசைப்புக்காகக் காத்திருப்பது அவருக்குப் பழக்கம். நினைவு போய்விட்டது என்று நாங்கள் எல்லோரும் நினைத்த நேரம். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் பிரிந்தது.

"வேணாம்."

சின்னச் சத்தம்தான். மாமா கையை எடுத்துவிட்டார். தோளையும் மெதுவாக எடுத்தார். எழுந்து அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"வேணாங்குறாக்கா."

"அவ என்னடா சொல்றது? போறவ சொல்றதையா கேப்பாங்க?"

"அவளைத்தான் கேக்கணும். அவ ஒடம்பு."

அண்ணி வேம்புவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும். மாமா துணியை நனைத்து அக்காவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே துடைத்தார். பொழுது சாயும் நேரத்தில் அடுத்த மூச்சு வரவில்லை. அக்கா கதவின்மேல்தான் போனாள்.

எடுத்து அடக்கம் செய்ய ஆள் சேர்வதற்குள் மறுநாள் மத்தியானமாகிவிட்டது. குவாரிக்காரர்கள் வந்துதான் தூக்கினார்கள். அண்ணி வரவில்லை. கதவை எரித்துவிடச் சொல்லி ஆள்விட்டார். மாமா அதைக் கழுவி வெயிலில் போட்டு, பழையபடி குடுமியில் ஏற்றி வீட்டுக்கு மாட்டினார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தையில் வேம்புவின் கணவனைக் கடலைக் கொல்லையில் பாம்பு கடித்தது. வழியிலேயே முடிந்துவிட்டது. வேம்பு தாய் வீட்டுக்குத் திரும்பினாள், வயிற்றில் பிள்ளையோடு.

மாமா கேள்விப்பட்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் நின்றிருக்கிறார். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாராம். திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. அன்றிலிருந்து பேசவில்லை, அவ்வளவுதான். ஒரே சுவர்தான் இடையில். அவர் இருமினால் அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் பிள்ளை அழுதால் அவருக்குக் கேட்கும். நான் ஒருமுறை, "பாம்பு கடிச்சதுக்கு நீங்க என்ன செய்வீங்க மாமா?" என்றேன். "ஒனக்குப் படிப்பு இருக்கு மலரு. நீ அப்படிச் சொல்லலாம்" என்றார். செய்தது சரி என்றோ தப்பு என்றோ அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

இருமல் வந்தது எண்பத்துமூன்றில். வருஷக்கணக்கில் உள்ளே போன வெள்ளைத் தூசி. படுத்தால் மூச்சு நின்றுவிடும். பெரம்பலூருக்குக் கூட்டிவந்து டாக்டரிடம் காட்டினேன். நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது, சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்க வேண்டும், மல்லாத்திப் படுக்கவைக்கவே கூடாது என்றார். "படுத்தா நெஞ்சு மேல யாரோ கல்லு ஏத்துற மாதிரி இருக்கு. இத்தினி வருசம் நான் ஏத்துனதையெல்லாம் திருப்பி ஏத்துறாங்க போல" என்று மாமா சிரித்தார். டாக்டர் சொன்னதை அண்ணியிடமும் சொல்லி வைத்தேன். மாமாவை என்னோடு இருக்கச் சொன்னேன். கேட்கவில்லை. வீட்டுக் கதவில் முதுகைக் கொடுத்து, கோணியைச் சுருட்டி முட்டுக்கொடுத்து உட்கார்ந்தே தூங்குவார் என்று பிறகு தெரிந்தது.

போன மாதம், எண்பத்தாறாம் வருஷத்து மார்கழியில், தந்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணிதான் வாசலில் உட்கார்ந்திருந்தார். கிழவியாகிவிட்டார். கொஞ்ச நாளாகவே அவர்தான் பார்த்துக்கொண்டாராம். ஒருநாள் இருமல் சத்தம் நிற்காமல் கேட்டதும் பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வந்ததும் மாமா, "வாக்கா" என்றாராம். எட்டு வருஷம் பேசாதது அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்து நான் கிளம்புகிற அன்று காலையில் அண்ணி என்னைக் கூப்பிட்டு மாமா வீட்டு வாசலில் உட்கார வைத்துக்கொண்டார்.

"கதவுல சாஞ்சுதான் ஒக்காந்திருந்தான், பூமாலை போன அதே கதவு. மூச்சு வுட்டு வுட்டு வந்துச்சு, பூமாலைக்கு வந்துச்சே, அப்படி. நான்தான் எறக்கித் தரையில படுக்க வெச்சேன் மலரு. நானும் வேம்பும்."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"படுக்க வெக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதா நீ சொன்னது ஞாபகம் இருந்துச்சு. இல்லாம இல்ல. ஆனா வேம்பு பையன் அங்கேயே வெளையாடிக்கிட்டு நிக்கிறான். அப்பன் இல்லாத புள்ள. எமன் அதையும் கேட்டுட்டான்னா? எங்கிட்ட குடுக்கறதுக்கு வேற உசுரு இல்ல."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சும்மா தூக்கல. அவன் சொல்ற மாதிரி சொல்லிட்டுத்தான் தூக்குனேன். 'தம்பி, இப்ப தோளு, இப்ப இடுப்பு, மூச்சு இழுத்துக்க'ன்னேன். ஒக்கார வையின்னான். கீழ வெச்சதுக்கப்பறமும் ரெண்டு தடவை சொன்னான், 'ஒக்கார வையிக்கா'ன்னு. ரொம்ப நேரம் ஆவல."

உள்ளே வேம்புவின் பையன் கதவைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். குடுமி கிறீச்சிட்டது. அண்ணி அவனை அதட்டவில்லை.

"அவ வேணான்னதும் அவன் கையை எடுத்துட்டான்" என்றார். "நான் எடுக்கல."

பஸ் வருகிற நேரமாகிவிட்டது. நான் அவர் கையைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. சொல்லிவிட்டுத் தொட்டேன்.